பூட்டை உடைக்காத திருடர்கள்

கண்ணாடி உடையவில்லை, அலாரம் ஒலிக்கவில்லை, சாவி வீட்டிற்குள்ளேயே இருக்கிறது; ஆயினும் வாசலில் நிறுத்திய கார் விடியுமுன் மறைந்துவிடுகிறது. இது எவ்வாறு சாத்தியமாகிறது, இதற்கு யார் பொறுப்பு?

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரை அடுத்த சாலிஹல் என்னும் ஊரில், 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து இரவொன்றில், ஒரு வீட்டு வாசலில் நின்ற மெர்ஸிடிஸ் கார் களவு போயிற்று. கண்காணிப்புக் காமிராவில் பதிவான அக்காட்சியை வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸார் இரு மாதங்கள் கழித்து வெளியிட்டபோது, உலகெங்கும் அதைக் கண்டவர்கள் திகைத்துப் போனார்கள். இருவர் வருகிறார்கள், ஒருவன் கையில் ஒரு பெட்டியுடன் வீட்டுச் சுவரோரமாக நின்று அதை இப்படியும் அப்படியும் அசைக்கிறான், மற்றவன் காரின் கதவருகே நிற்கிறான், ஏறத்தாழ ஒரு நிமிஷத்துக்குள் கதவு திறந்து, என்ஜின் இயங்கி, கார் தெருவில் இறங்கிச் சென்றுவிடுகிறது. கடப்பாரையும் இல்லை, கள்ளச்சாவியும் இல்லை. காரின் காவல் சாதனங்களில் எதுவும் பழுதுபட்டிருக்கவுமில்லை. அவை தத்தம் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தபடியே திருடனுக்கு வழிவிட்டன.

நம் காலத்துக் கார்த் திருட்டின் சுபாவத்தை அறிய விரும்புவோர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது இதுவே: திருடன் இப்போது பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை, பூட்டை நம்பவைக்கிறான். சாவிக்கும் காருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் சம்பாஷணையில் எங்கே ஐயம் எழவேண்டுமோ அங்கே நம்பிக்கையை வைத்துவிட்ட அமைப்பாளர்களின் தெரிவுகளே அவனுக்குக் கிடைத்த திறவுகோல். காரை இழந்தவரைப் பார்த்து, “இன்னும் சற்று ஜாக்கிரதையாக இருந்திருக்கக் கூடாதா?” என்று கேட்பது நம் வழக்கம். அக்கேள்வி பெரும்பாலும் தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் காத்த காலம்

சாவியைத் திருகினால் என்ஜின் இயங்கும் முறையைக் கிரைஸ்லர் கம்பெனி 1949-இல் கொண்டுவந்தது. இருபது ஆண்டு கழித்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் ஸ்டீயரிங்கைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு வந்தது. எனினும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும், இரு வயர்களை எங்கே சேர்க்கவேண்டும் என்ற அறிவும் உடையவனுக்கு இவை பெரிய தடையாக இருக்கவில்லை. பின்னர் வந்த அலாரமோ காவலனின் வேலையை அக்கம்பக்கத்தாரிடம் ஒப்படைத்தது. பெருங்காற்றுக்கும் லாரியின் அதிர்வுக்கும்கூட அது ஓயாமல் அலறியதால், நாளடைவில் அந்தக் கூக்குரலைக் கேட்டு ஜன்னலைத் திறந்து பார்ப்பவரே இல்லாமற் போயிற்று. மேலும், கதவைத் திறப்பது சரியான சாவிதான் என்று கார் ஒருமுறை நம்பிவிட்டால், அலாரம் தானாகவே மௌனமாகிவிடும் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

உண்மையான மாறுதல் சாவிக்குள்ளேயே ஏற்பட்டது. 1986-இல் கார்வெட் காரின் சாவியில், மின்தடை அளவு பதினைந்தில் ஒன்றைக் கொண்ட சிறு வில்லை பதிக்கப்பட்டது. அளவு பொருந்தாவிட்டால் என்ஜின் இயங்காது. அடுத்த பத்தாண்டில் அவ்வில்லையின் இடத்துக்கு அரிசியளவே உள்ள ஒரு சில்லு வந்தது. கார் ஒரு புதிய எண்ணைச் சொல்லிக் கேள்வி கேட்க, சில்லு தனக்குள் பொதிந்த ரகசியத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பதில் சொல்ல, அந்தப் பதில் சரியாயிருந்தாலன்றி எரிபொருள் பாயாதபடி தடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். இது ஆடம்பரக் கார்களின் விசேஷமாக நின்றுவிடாமல் எல்லாருக்கும் கிடைத்ததற்குக் காரணம் சந்தையன்று, சட்டம். ஐரோப்பியச் சமூகம் 1995-இல் இயற்றிய விதியின்படி, 1998 அக்டோபர் முதல் அங்கே விற்பனையாகும் புதிய கார் ஒவ்வொன்றிலும் இது இருந்தே தீரவேண்டும் என்றாயிற்று. கனடா 2007 செப்டம்பர் முதல் அதே நிபந்தனையை விதித்தது.

பயன் கைமேல் கிடைத்தது. நெதர்லாந்தின் விவரங்களை ஆராய்ந்த யான் வான் அவர்ஸ், பென் வொல்லார்ட் என்னும் இரு பொருளியலறிஞர்கள், அந்த விதியினால் கார்த் திருட்டு சராசரியாக 40 சதவிகிதம் குறைந்தது என்று கணக்கிட்டார்கள். கனடாவின் வின்னிபெக் நகரம் 2000-களின் நடுவில் அந்நாட்டின் கார்த் திருட்டுத் தலைநகரம் என்று அவப்பெயர் பெற்றிருந்தது. எளிதில் திருடக்கூடிய பழைய கார்களிலும் இம்மொபிலைசரைக் கட்டாயமாகப் பொருத்தும்படி மாகாண இன்ஷூரன்ஸ் நிறுவனம் செய்து, திரும்பத் திரும்பத் திருடும் இளைஞர்களைப் போலீஸாரும் நெருங்கிக் கண்காணித்தபோது, ஒருசில ஆண்டுகளிலேயே ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட திருட்டு மறைந்தது. பாதுகாப்பைத் தனிமனிதரின் விருப்பத்துக்கு விடாமல் உற்பத்தியின் நிபந்தனையாக்கினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

அருகில் இருப்பதாகச் சொல்லும் பொய்

இப்படி வென்றெடுத்த பாதுகாப்பை மனிதன் சௌகரியத்தின் பொருட்டு விட்டுக்கொடுத்தான். சாவியைப் பையிலிருந்து எடுக்கவே தேவையில்லை. கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், பொத்தானை அழுத்தினால் என்ஜின் இயங்கும் என்ற ஏற்பாடு முதலில் விலையுயர்ந்த கார்களிலும், பின்னர் நடுத்தரக் குடும்பங்களின் கார்களிலும் பரவியது. கைப்பிடியைத் தொட்டதும் கார் தாழ்ந்த அலைவரிசையில் ஒரு மெல்லிய அழைப்பை விடுக்கிறது. ஓரிரு மீட்டருக்கு மேல் அது எட்டாது. சாவி அதைக் கேட்டு, அதைவிடத் தொலைவு செல்லக்கூடிய வேறு அலைவரிசையில் பதில் அளிக்கிறது. “என் அழைப்பு அருகில் மட்டுமே கேட்கும், சாவி பதில் சொல்கிறது, ஆகவே சாவி அருகில்தான் இருக்கிறது” என்பது காரின் தர்க்கம்.

தர்க்கம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அழைப்பைப் பிடித்து அப்படியே தூரத்துக்கு எடுத்துச் செல்ல ஒருவன் இருந்தால் அது அடியோடு சரிந்துவிடுகிறது. சுவரோரம் நின்றவனின் பெட்டி செய்தது அவ்வளவே: காரின் அழைப்பை வீட்டுக்குள் மேஜைமேல் கிடந்த சாவியின் செவிக்கு எட்டச் செய்து, சாவியின் பதிலைக் காருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கேட்ட கேள்வியும் உண்மை, கிடைத்த பதிலும் உண்மை. தூரம் ஒன்றே பொய். எந்தக் கணித ரகசியத்தையும் திருடன் உடைக்கவில்லையாதலால், ரகசியம் எத்துணை வலுவுடையதாயினும் இங்கே பிரயோஜனமில்லை. அவ்வாறு கிளப்பிய கார், சாவி வீட்டிலேயே கிடக்க, மைல் கணக்கில் ஓடுகிறது. ஓடும் வண்டியின் என்ஜினைத் திடீரென நிறுத்துவது உயிருக்கு அபாயம் என்பதால், சாவியைக் காணோம் என்று ஓர் எச்சரிக்கையை மட்டுமே கார் காட்டும்; அதை வாசிப்பவன் திருடன்.

இந்தப் பலவீனம் திருட்டு மலிந்த பிறகு கண்டுபிடித்ததன்று என்பதுதான் வேதனை தரும் விஷயம். ஜூரிக் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர் மூவர், எட்டு உற்பத்தியாளர்களின் பத்துக் கார் மாடல்களைச் சோதித்து, பத்துமே இந்த யுக்திக்கு இணங்கிவிட்டன என்று 2011-ஆம் ஆண்டிலேயே பகிரங்கமாக அறிவித்தார்கள். பிற்காலத்தில் ஜெர்மனியின் ஆடாக் என்னும் மோட்டார் சங்கம் நூற்றுக்கணக்கான மாடல்களை ஆண்டுதோறும் சோதித்தபோதும், தாக்குப்பிடித்தவை மிகச் சிலவே. சாலிஹல் காமிராவில் அந்தக் காட்சி பதிவாவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே எச்சரிக்கை கையில் இருந்தது.

ரகசியத்தையே அரணாகக் கொண்டதன் பிழை

அழைப்பை நீட்டிப்பது ஒரு வழி. சாவியின் ரகசியத்தையே கணக்கிட்டுக் கண்டுபிடிப்பது மற்றொன்று. லட்சக்கணக்கான கார்களில் பயன்பட்ட ஒரு சில்லின் ரகசிய எண் 40 பிட் நீளமே கொண்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வுக்கூடத்தாரும் 2005-இல் அதை உடைத்துக் காட்டினார்கள். 2012-இல் 48 பிட் நீளமுள்ள வேறொரு சில்லு வீழ்ந்தது. சில்லுக்குள் நடக்கும் கணக்கின் முறையை வெளியிடாமல் மறைத்து வைத்திருப்பதே பாதுகாப்பு என்று நம்பியிருந்த கம்பெனிகளுக்கு இவை பேரிடியாயின.

பர்மிங்ஹாம், நைமேகன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மூன்று ஆராய்ச்சியாளர்கள் மெகாமாஸ் என்ற மற்றொரு முறையின் குறைகளை வெளியிட முனைந்தபோது, ஃபோக்ஸ்வாகன் நிறுவனமும் பிறரும் லண்டன் உயர்நீதிமன்றத்தை அணுகி 2013 ஜூனில் தடையுத்தரவு பெற்றனர். இரண்டு ஆண்டுகள் வழக்காடியபின், ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு அக்கட்டுரை 2015-இல் வெளிவந்தது. உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை; தெருவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கார்களின் பூட்டை மாற்றுவது லகுவான காரியமன்று, குறையைப் பகிரங்கப்படுத்துவது திருடனுக்கும் உதவும் என்பது அவர்களுடைய வாதம். ஆனால், பூட்டின் அமைப்பு முழுவதையும் எதிரி அறிந்திருந்தாலும் சாவி ஒன்றை மட்டும் அறியாதவரையில் அது காக்கவேண்டும் என்று ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்ற அறிஞர் 1883-லேயே சங்கேத சாஸ்திரத்துக்கு வகுத்த விதியை, நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் அலட்சியம் செய்ததன் பலனாகவே இந்த வழக்கு எழுந்தது. நீதிமன்றத்தின் தடை நேர்மையான ஆராய்ச்சியாளரின் பேனாவை நிறுத்தும். ரகசியச் சந்தையில் கருவி வாங்கும் திருடனின் கையை அது தீண்டாது.

உள்ளே வந்தவனின் சொல்லே வேதம்

மூன்றாவது வழி சாவியைத் தேடுவதே இல்லை. இன்றைய காரில் விளக்கு, கதவு, என்ஜின், பிரேக் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிறு கணிப்பொறிகள் உண்டு. அவை யாவும் ஒரே கம்பி இணையில் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. பாஷ் கம்பெனி உருவாக்கி 1986-இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய இந்தக் கேன் என்னும் அமைப்பு, வயர்களின் பாரத்தைக் குறைத்து, தவறின்றி வேகமாகச் செய்தி சேர்ப்பதில் ஒப்பற்றது. ஆனால் செய்தியை அனுப்பியது யார் என்று கேட்கும் வழக்கம் அதற்கு இல்லை. முன்வாசலில் ஆயிரம் விசாரணை நடத்தும் பெரிய வீட்டில், கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டவனைக் குடும்பத்தில் ஒருவனாகவே எண்ணி அவன் ஏவியதையெல்லாம் செய்யும் வேலைக்காரர்களைப் போன்றது அதன் நிலை. கம்பிக்கு வெளியாள் எவனும் வரமாட்டான் என்று எண்ணிய காலத்தில் அமைந்தது அது.

லண்டனில் வாகன மின்னணுப் பாதுகாப்பை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் டொயோட்டா ராவ்-4 காருக்கு நேர்ந்த கதி இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2022-இல் அவருடைய காரின் முன்பக்க பம்பர் இழுக்கப்பட்டு, ஹெட்லைட்டின் வயர்கள் கழற்றப்பட்டிருப்பதைக் கண்டு, யாரோ செய்த வீண் சேஷ்டை என்றே அவர் முதலில் எண்ணினார். சிறிது காலத்தில் மீண்டும் அவ்வாறே நேர்ந்தது. ஜூலையில் காரே காணாமற் போயிற்று. கார் தன் தயாரிப்பாளருக்கு அனுப்பியிருந்த பழுதுக் குறிப்புகளை அவர் ஆராய்ந்து, தம் சகாவான கென் டிண்டெல் என்ற கேன் நிபுணருடன் சேர்ந்து உண்மையைக் கண்டுபிடித்து, 2023 ஏப்ரலில் வெளியிட்டார். ஹெட்லைட்டுக்குச் செல்லும் கம்பியும் அதே செய்திக் கம்பியே. அவ்விடத்தில் ஒரு கருவியைச் சேர்த்தவன், “சாவி சரிபார்க்கப்பட்டது” என்ற செய்தியைக் காரின் உட்பகுதியே சொல்வதைப்போலச் சொல்லிவிடுகிறான். சாதாரண ஒலிபெருக்கியின் கூட்டுக்குள் மறைத்து விற்கப்பட்ட அந்தக் கருவியில் திருட்டுக்காகச் சேர்த்த பாகங்கள் சில டாலர்களே பெறும். திருடர்கள் அதற்குக் கொடுக்கும் விலையோ ஆயிரக்கணக்கில்.

இதற்கு இனமான இன்னொரு வாயிலும் உண்டு. பழுது பார்ப்பதற்காக டாஷ்போர்டின் அடியில் வைத்திருக்கும் இணைப்பு அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயம். காரை விற்ற கம்பெனியிடம் மட்டுமே பழுதுபார்க்கச் செல்லவேண்டும் என்ற ஏகபோகத்தைத் தவிர்க்க, வெளி மெக்கானிக்குகளுக்கும் அதில் உரிமை அளித்தது நியாயமே. ஆனால், புதுச் சாவியைக் காருக்கு அறிமுகம் செய்விக்கும் அதிகாரமும் அதே வழியில் கிடைத்தமையால், உள்ளே நுழைந்துவிட்ட திருடன் தனக்கென ஒரு சாவியையே எழுதிக்கொள்ளலானான். நல்ல உரிமையொன்றைக் காவலின்றித் தந்தால் அது கெட்டவனுக்கும் உரிமையாகிவிடுகிறது.

மிச்சம் பிடித்த பூட்டு

நுட்பமான இந்த வழிகளைச் சொல்லும்போது, நுட்பமே தேவைப்படாத ஒரு துயரத்தையும் சொல்லவேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கும் மத்திய விதி இல்லை. பிற உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் தாமாகவே அதைப் பொருத்திவிட்டிருக்க, கியா, ஹூண்டாய் நிறுவனங்கள் 2021-ஆம் ஆண்டு மாடல் வரையில் சாவியால் திருகும் மலிவான வண்டிகள் பலவற்றை அது இல்லாமலே அங்கே விற்றன. மில்வாக்கி நகரத்துச் சிறுவர்கள் இந்த ரகசியத்தைக் கண்டுகொண்டார்கள். 2021-இல் அந்நகரின் கார்த் திருட்டு முந்தைய ஆண்டைவிட இரு மடங்கைத் தாண்டியது. மறு ஆண்டு டிக்டாக் வாயிலாக அது தேசமெங்கும் விளையாட்டாகப் பரவியது. 2023 பிப்ரவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 83 லட்சம் கார்களின் மென்பொருளைச் சீர்திருத்தும் ஏற்பாட்டை அறிவித்தபோது, இத்திருட்டுகளினால் குறைந்தது 14 விபத்துகளும் 8 மரணங்களும் நேர்ந்திருந்தன. அதே காலத்தில், அதே நிறுவனங்களின் கார்கள் எல்லையைத் தாண்டிக் கனடாவில் இம்மொபிலைசருடன் விற்பனையாயின. ஏனெனில் அங்கே சட்டம் கேட்டது.

கப்பல் ஏறும் கார்கள்

ஆயினும் கனடாவும் தப்பவில்லை. 2007-இல் விதித்த நிபந்தனை சாவியைத் திருகிய காலத்துக்கு உரியது. அலைகளால் பேசும் சாவியின் காலத்துக்கு அது வளரவில்லை. 2023-இல் கார்த் திருட்டுக்காக அந்நாட்டு இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் கொடுத்த இழப்பீடு முதன்முறையாக 150 கோடி கனடிய டாலரைத் தாண்டியது. டொரான்டோவிலும் அதைச் சூழ்ந்தும் உள்ள ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பகுதிகளில், ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களும் வாழும் அதே வீதிகளில், காலையில் வேலைக்குப் புறப்பட்டு வெறும் வாசலைக் கண்டு நிற்பது சகஜமாயிற்று. நீதித்துறை அமைச்சரின் உபயோகத்துக்கென அரசாங்கம் அளித்த டொயோட்டா ஹைலாண்டர் கார்களே மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று முறை களவு போயின.

இவ்வண்டிகள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் விற்பனைக்கு வருவதில்லை. கன்டெய்னர்களில் அடைத்து, வேறு சரக்கென்று காகிதத்தில் எழுதி, மான்ட்ரியால் துறைமுகத்தின் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும் அனுப்பப்படுகின்றன. உள்ளே வரும் சரக்கைக் கூர்ந்து நோக்கும் துறைமுகங்கள் வெளியே செல்லும் சரக்கை அவ்வளவாக நோக்குவதில்லை. 2024 ஏப்ரலில் போலீஸாரும் எல்லைக் காவல் துறையினரும் அங்கே கன்டெய்னர்களிலிருந்து 598 கார்களை மீட்டதாக அறிவித்தார்கள். மற்றும் சில கார்கள் சேசிஸ் எண்ணை மாற்றி, கள்ளப் பத்திரங்களுடன் அதே நாட்டில் அப்பாவிகளுக்கு விற்கப்படுகின்றன. உண்மை வெளிப்படும் நாளில் பணத்தையும் காரையும் ஒருங்கே இழப்பவர் அந்த இரண்டாம் சொந்தக்காரர்.

இதனினும் கொடியது, பூட்டை ஏமாற்ற முடியாதபோது திருடர்கள் சாவிக்காக வீடு புகத் தொடங்கியது. 2024-இன் தொடக்கத்தில் டொரான்டோ போலீஸ் அதிகாரி ஒருவர், வீட்டுக்குள் தாக்கப்படாமலிருக்கச் சாவியை முன்வாசல் அருகிலேயே வைத்துவிடுங்கள் என்று ஒரு குடிமக்கள் கூட்டத்தில் சொன்னார். நல்லெண்ணத்தோடு கூறிய யோசனைதான் என்று போலீஸ் இலாகாவே பின்னர் விளக்கம் தர நேர்ந்தது. உயிர் பெரிதா கார் பெரிதா என்றால் உயிரே பெரிது. அந்த அதிகாரியை நான் குறைகூறவில்லை. ஆனால், காவல் துறையாளர் வாயிலிருந்து அப்படியொரு யோசனை வரும் அளவுக்கு ஒரு சமூகத்தின் பாதுகாப்பு தளர்ந்திருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

செய்யக் கூடியவையும் செய்ய வேண்டியவர்களும்

சொந்தக்காரர் செய்யக்கூடியவை சில உண்டு. அலைகளைத் தடுக்கும் உலோக உறையிட்ட பையில் சாவியை, மாற்றுச் சாவியையும் மறவாமல், வைக்கலாம். சாவியின்றித் திறக்கும் வசதியை நிறுத்திவைக்க இடமுண்டானால் நிறுத்தலாம். பழுது பார்க்கும் இணைப்புக்கு ஒரு பூட்டுப் போடலாம். ஸ்டீயரிங்கின் குறுக்கே கண்ணில் படும்படி இரும்புப் பூட்டு ஒன்றை மாட்டலாம். கேன் கம்பியின் வழியே வருபவனை உறை தடுக்காது, ஆனால் இரும்பு அவனைத் தாமதப்படுத்தும். ஒரு நிமிஷத்தை நம்பி வருபவனுக்குத் தாமதமே பகை. ஹெட்லைட்டின் அருகே பம்பர் காரணமின்றி விலகியிருந்தால், அது திருடன் ஒருமுறை முயன்று போனதன் அடையாளமாக இருக்கலாம் என்று உணர்ந்து அன்றே போலீஸில் சொல்வது நல்லது.

எனினும் பெரிய பரிகாரம் உற்பத்தியாளர் கையில்தான் இருக்கிறது. அது வருங்காலக் கனவுமன்று. ஒளியும் அலையும் ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டரே செல்லும்; பதில் வந்துசேர எடுத்த நேரத்தை நுட்பமாக அளந்தால், சாவி கையருகே இருக்கிறதா, சுவருக்கப்பால் இருக்கிறதா என்பதைக் காரே அறிந்துகொள்ளும். மிக அகன்ற அலைவரிசையில் இயங்கும் இத்தகைய சாவிகளைச் சில கம்பெனிகள் பல ஆண்டுகளாகவே பொருத்திவருகின்றன. அசையாமல் கிடந்தால் உறங்கிவிடும் சாவியும், ரகசிய எண்ணைக் கொடுத்தாலன்றிக் கிளம்பாத காரும் இருக்கின்றன. செய்திக் கம்பியில் வரும் ஒவ்வொரு கட்டளைக்கும் சங்கேத முத்திரை இட்டு அனுப்பியவரைச் சரிபார்க்கும் வழியும் தெரிந்ததே. அறிவு இல்லாமையால் அன்று, கட்டாயம் இல்லாமையாலேயே இவை எல்லாக் கார்களிலும் இல்லை. திருடு போன காருக்கு இன்ஷூரன்ஸ் பணம் தருகிறது. அந்தப் பணத்தால் இன்னொரு கார் வாங்கப்படுகிறது. நஷ்டம் பிரீமியத்தின் வழியே ஊரார் அனைவர் தலையிலும் பங்கிடப்படுகிறது. இந்தச் சுழலில் பலவீனமான பூட்டைச் செய்தவருக்கு நேரும் நஷ்டமே மிகச் சிறிது.

2024 பிப்ரவரியில் ஆட்டவாவில் கனடிய அரசாங்கம் தேசிய மாநாடு கூட்டியது. அவ்வாண்டே கார் திருடுவதற்கான மின்னணுக் கருவியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமென்று சட்டமியற்றியது. துறைமுகக் காவலும் பலப்பட்டது. அவ்வாண்டில் அந்நாட்டுத் திருட்டு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. போலீஸும் சுங்கமும் முனைந்தால் பலனுண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் திருடியவனைப் பிடிப்பது பாதி வேலை. திருட முடியாதபடி செய்வதே மறுபாதி. 1998-இல் ஐரோப்பா கற்பித்த பாடத்தை நாடுகள் இந்நாளுக்கேற்பப் புதுப்பிக்க வேண்டும்: தூரத்தை அளக்காத சாவியையும், அனுப்பியவர் யாரென்று கேட்காத கம்பியையும் கொண்ட புதிய காரை விற்க அனுமதி இல்லை என்று எழுதவேண்டும். கார் வாங்கப் போகும் ஒவ்வொருவரும் நிறத்தையும் மைலேஜையும் கேட்பதற்கு முன்பு, இந்தச் சாவி தூரத்தை அளக்குமா என்று விற்பவரிடம் கேட்கவேண்டும். சட்டம் வரும்வரை அந்தக் கேள்வியாவது அவர்கள் கடையில் தினந்தோறும் ஒலிக்கட்டும். போதுமான பேர் கேட்டால் சட்டமும் வந்து சேரும்.